கல்லில் மறைந்த குலமும் காட்டில் வாழும் எறும்பும்

(பழைய மாணவன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன்)

அறிவுப் பாலூட்டி வளர்த்த நங் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் சங்கச் செய்யுள் ஒன்றின் நயத்தையோ சமய குரவர் வரலாற்றையோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானோ ஓர் எறும்பைப் பற்றி எழுதப் புகுந்தேன். அதற்குக் காரணம் உண்டு. மாணவன் ஒருவனுக்கு யான் முன்பு அளித்த அரைகுறை விடையொன்றைத் திருத்தவேண்டிய கடன் எனக்கு இருக்கின்றது. அக்கடனை இம்மலரிலே தீர்க்க விழைகின்றேன்.

மலைநாட்டில், அட்டனை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றில் யான் கற்பித்துக்கொண்டிருந்த காலம். தமிழோடு, ஆசிரியர் பற்றாக்குறையால் இயற்கைப் பாடமும் என் தலையில் வந்து சேர்ந்திருந்தது. உயிர்ச்சுவடுகளைப் பற்றிய பாடம் நடந்த மறுநாள், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தேயிலைச் சரிவிலே பொறுக்கிய கல்லொன்றை என் மேசைமீது வைத்து, “சேர், எங்கட மலைக் கல்லிலயும் பழங்காலத்துப் பூச்சி இருக்குமா?” என்று வினவினான். “இல்லைத் தம்பி, அவையெல்லாம் வெளிநாட்டு நூதனசாலைகளிலேதான் இருக்கும்” என்று கூறி அனுப்பிவிட்டேன். அவன் கல்லை எடுத்துக்கொண்டு வாய் பேசாது சென்றான். என் விடையில் முற்பாதி சரி, பிற்பாதி பிழை. அப்பிழையின் அளவைப் பின்னர்ப் படித்தே உணர்ந்தேன்.

மலைக் கல் ஏன் பேசுவதில்லை?

முதலில் சரியான பாதியைக் கூறுவேன். உயிர்ச்சுவடு என்பது பண்டை உயிரொன்றின் உடலோ உடலின் பதிவோ கல்லாகிய படைகளுள் நிலைபெற்றிருப்பதாம். சேறும் மணலும் சுண்ணமும் மெல்லப் படிந்து இறுகிய பாறைகளிலேதான் அது பெரும்பாலும் காணப்படும். நம் மலைநாட்டுப் பாறைகளோ அத்தகையன அல்ல. அவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் பூமியின் ஆழத்திலே பெருவெப்பத்துக்கும் பேரழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாறியவை. அதற்குப் பின்னரே உலகில் பூச்சியினம் தோன்றிப் பல்கிற்று. ஆகவே, நுவரெலியாவிலும் அட்டனிலும் எத்தனை கல்லை உடைத்தாலும் அதனுள் ஒரு பூச்சியின் சிறகும் அகப்படாது.

இலங்கை முழுவதும் அங்ஙனமன்று. புத்தளத்தை அடுத்த தப்போவையில் ஜுராசிக் காலத்துச் செடிகளின் பதிவுகள் உள. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிலே மயோசீன் காலத்துக் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் உள. சிவனொளிபாதமலைக்குத் தெற்கே இரத்தினபுரியில் மாணிக்கம் தேடுவோர் தோண்டும் குழிகளின் சரளைப் படையிலிருந்து, இத்தீவிலே இன்று இல்லாத நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர் பி. ஈ. பி. தெரணியகலை ஆவார். இரத்தினபுரி என்னும் அப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க. மீண்டும் அங்கு வருவோம்.

பிசினிற் பட்ட எறும்பு

யானையின் எலும்பு கல்லாதல் எளிது. எறும்பின் உடல் நிலைபெறுவது எங்ஙனம்? அதற்கு இரண்டு வழிகள் சிறப்பாக அமைந்தன. ஒன்று மரப்பிசின். கோயிலிலும் வீட்டிலும் புகையிடும் குங்கிலியத்தை நாம் அறிவோம். மரத்தின் காயத்திலிருந்து வடியும் அப்பிசினிலே ஊர்ந்து சென்ற பூச்சி ஒட்டிக்கொள்ளும். மேலும் வடியும் பிசின் அதனை முழுவதும் மூடும். மண்ணுட் புதைந்த பிசின் கோடிக்கணக்கான ஆண்டுகளிற் கல்லைப்போல இறுகி அம்பர் எனப் பெயர் பெறும். உள்ளே கிடக்கும் பூச்சியின் மயிரும் நகமும் கண்ணாடிப் பேழையுள் வைத்தாற்போலத் தெரியும். குசராத்தில் வஸ்தான் என்னும் இடத்துப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து எடுத்த அத்தகைய அம்பரைப் பற்றி 2010 இல் அறிஞர் அறிவித்தனர். அதன் வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. அதனைச் சொரிந்தவை குங்கிலிய மரக் குடும்பத்து மரங்களே. அதனுள் 700க்கும் மேற்பட்ட சிற்றுயிர்கள் காணப்பட்டன.

மற்றொரு வழி ஏரிச் சேறு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் புளோரிசன்ற் என்னும் இடத்தில் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரி இருந்தது. அயலிலிருந்த எரிமலைகளின் சாம்பல் அதனுள் நுண்படைகளாகப் படிந்தது. நீரில் விழுந்த பூச்சிகள் அப்படைகளின் இடையே, புத்தகத்துள் வைத்த மலரிதழ்போலத் தட்டையாகிப் பதிந்தன. இன்று அக்கல்லைத் தகடு தகடாகப் பிளந்தால் ஒவ்வொரு தகடும் ஓர் ஏடாக விரிகின்றது.

மறைந்துபோன ஒரு குலம்

எறும்புகளை விலங்கியலார் ஒரே குடும்பமாகக் கொண்டு, அதனைப் பல உபகுடும்பங்களாக வகுப்பர். எளிமை கருதி உபகுடும்பத்தைக் குலம் என்றே இங்கு வழங்குவேன். அக்குலங்களுள் ஒன்றன் வரலாறே நாம் கருதுவது. அதன் பெயர் அனியூரெற்றினே.

1915 இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் மோற்றன் வீலர், ஐரோப்பாவின் போல்றிக் கடற்கரையிற் கிடைக்கும் அம்பரிலுள்ள எறும்புகளைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். அந்த அம்பர் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுப் பழைமையது. அதனுள் இக்குலத்தைச் சார்ந்த எறும்புகளை அவர் கண்டு விவரித்தார். 1930 இல் பிராங்க் கார்ப்பெண்டர் என்பார் வட அமெரிக்காவின் உயிர்ச்சுவட்டு எறும்புகளை ஆராய்ந்தபொழுது, புளோரிசன்ற் ஏட்டிலும் இக்குலத்து எறும்பு பதிந்திருந்தது. பின்னர் கிழக்கே, உருசியாவின் சகலின் தீவு அம்பரிலும் ஓர் உறவினம் கிடைத்தது. ஐரோப்பா, அமெரிக்கா, கீழ்த்திசை ஆசியா என நிலவுலகின் வடபாதி முழுவதும் ஒருகாலத்தில் இக்குலம் பரந்து வாழ்ந்தமை இவற்றால் விளங்கும். இன்று அந்நாடுகளில் எங்குத் தேடினும் அக்குலத்து எறும்பு ஒன்றேனும் இல்லை. பனியும் குளிரும் மிகுந்து பழைய வெங்காடுகள் அழிந்தமையும், புதிதாய் எழுந்த எறும்புக் குலங்களின் போட்டியும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படும்.

குலம் முழுவதும் கல்லாகிவிட்டதென்று கணக்கை முடித்துவிடலாகாதோ எனின், ஆகாது. இங்கேதான் நம் இலங்கை கதையினுள் நுழைகின்றது.

1892 ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களில் யூஜீன் சீமோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலங்கைக்கு வந்தார். அவர் சிலந்திகளை ஆராய்பவர். சிலந்தி தேடிய அவர் கண்டிப் பகுதியில் எறும்புகள் சிலவற்றையும் சேர்த்துச் சென்றார். அவற்றைப் பரிசோதித்த இத்தாலிய அறிஞர் கார்லோ எமரி, அதுவரை அறியப்படாத சிறு மஞ்சள் எறும்பொன்றை அவற்றுட் கண்டு, 1893 இல் அதற்கு அனியூரெற்றஸ் சைமோனி எனப் பெயரிட்டார். பிற்பகுதி சீமோனைச் சிறப்பிப்பது. முற்பகுதி, “கண்டறியப்படாதது” எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. பெயருக்கேற்ப அவ்வெறும்பும் அதன்பின் நெடுங்காலம் அறிஞர் கண்ணுக்குத் தென்படாதிருந்தது. அம்பரில் தாம் கண்ட எறும்புகளுக்கு உயிருள்ள உறவு இந்த இலங்கை எறும்பே என்பதை வீலர் உணர்ந்தார். ஆயின், அவ்வுறவு இன்னும் வாழ்கின்றதா, அதுவும் மறைந்துவிட்டதா என்பதைச் சொல்ல எவரும் இலர்.

ஆசிரியரும் மாணாக்கரும்

கார்ப்பெண்டரிடம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே பயின்ற மாணாக்கர் ஒருவர் இருந்தார். அவர்தாம் பிற்காலத்தில் எறும்பியலிற் பெரும்புகழ் எய்தி, 2021 இல் மறைந்த எட்வேர்ட் ஒஸ்போர்ன் வில்சன். தம் ஆசிரியர் கல்லிற் கண்ட குலத்தைத் தாம் உயிருடன் காணவேண்டுமென்னும் வேட்கையோடு, இருபத்தைந்து அகவை அளவினரான வில்சன் 1955 இல் இலங்கை வந்தார். முதலிற் கண்டிக்குச் சென்று உடவத்தகலே வனத்திலே தேடினார். நாள்கள் சென்றன, எறும்பு அகப்படவில்லை. சீமோன் கண்ட காடு மனிதர் நடமாட்டத்தால் மாறிப்போயிருந்தது.

மனந்தளராது அவர் தெற்கே இரத்தினபுரிக்குச் சென்றார். ஊரின் ஓரத்து நீர்த்தேக்கத்தை அடுத்த சோலையில், தரையிற் கிடந்த உளுத்த சுள்ளியொன்றை எடுத்து முறித்தார். அதனுள்ளிருந்து சிறிய மஞ்சள் எறும்புகள் பதறி வெளிவந்தன. அவையே அவர் தேடிய குலத்தின் எஞ்சிய வழித்தோன்றல்கள். பின்னர், சிவனொளிபாதமலையின் தென்சரிவின் அடியிலுள்ள கிலிமலைக் காட்டில் அவற்றின் குடிகள் பலவற்றைக் கண்டு ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு, 1956 இல், வில்சன் தம் தோழர் தோமஸ் ஐஸ்னர், வீலர் தம்பதியரான ஜோர்ஜ், ஜனெற் ஆகியோருடன் சேர்ந்து அவ்வாராய்ச்சியை வெளியிட்டார். இவ்வீலர் முன்கூறிய வீலரின் வேறானவர்.

குழியினுள் நீர்யானையின் பல்லும் சிங்கத்தின் பல்லும் கிடக்க, அதே இரத்தினபுரி மண்ணின்மேல், அவற்றினும் பன்மடங்கு பழைய குலமொன்று சுள்ளிக்குள்ளே குடித்தனம் நடத்திற்று. நிலத்தைத் தோண்டிப் பழைமையைத் தேடுவோர் அதன்மேல் நடந்து சென்றிருப்பர்.

வில்சனும் அவர் ஆசிரியர் கார்ப்பெண்டரும் பின்னர் ஒருங்கு சேர்ந்தும் பணி செய்தனர். அமெரிக்காவில் நியூ ஜேர்சிக் கடற்கரையிற் கல் பொறுக்கிய தம்பதியர் இருவர் கண்டெடுத்த அம்பரில் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுப் பழைமையுள்ள எறும்புகள் இருந்தன. அவற்றை 1967 இல் வில்சனும் கார்ப்பெண்டரும் வில்லியம் பிரவுனும் விவரித்து ஸ்பெக்கோமைமா எனப் பெயரிட்டனர். குளவிக்கும் எறும்புக்கும் இடைப்பட்ட தோற்றமுடைய அக்குலம் முழுவதும் மடிந்துவிட்டது. அதனை அம்பரிலன்றி வேறெங்கும் காணமுடியாது. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே ஏட்டில் தம் பெயரை ஒருங்கே பொறித்த அச்செய்தி, ஆசிரியத் தொழில் புரியும் எம் போன்றோர்க்குப் பெருமகிழ்வு தருவதாகும்.

அவ்வெறும்பின் இயல்பு

தொல்காப்பியர் மரபியலிலே எறும்பை மூவறிவுயிருள் வைத்தார். உடலால் உறுதலும் நாவாற் சுவைத்தலும் மூக்கால் மோத்தலும் அதற்கு உளவென்பது கருத்து. மணத்தாலேயே எறும்பு வழி அறிவதையும் தன் குடியை அறிவதையும் இக்காலத்தார் விரித்துரைக்கின்றனர்.

நாம் கருதும் எறும்பு மூன்று மில்லிமீற்றர் நீளத்தை எட்டாத சிற்றுயிர், மஞ்சள் நிறத்தது. இடையிலே நீண்ட காம்புடன் ஒரே கணு இருக்கும். முதுகின் பின்புறத்தில் இரண்டு கூரிய முட்கள் நிற்கும். வேலைக்காரருள் சிறியர், பெரியர் என இரு வகையினர் உளர். மழைக்காட்டின் தரையில், சருகின் கீழ்க் கிடக்கும் உளுத்த மரத்துண்டுகளும் சுள்ளிகளுமே அதன் வீடு. ஒரு குடியில் நூறு அளவிலான எறும்புகளே வாழும்.

அறிஞர் இதனைப் போற்றுவது ஏன்? வீட்டுச் சுவரிலே ஊர்ந்து, நசுக்கினால் ஒருவகை நெடி வீசும் சிற்றெறும்பை அனைவரும் அறிவர். அந்த நெடியெறும்புக் குலத்துக்குக் கொடுக்கு மிகச் சுருங்கிப் பயனற்றுப் போயிற்று. நெடியே அதன் படைக்கலம். நம் காட்டெறும்போ உடலமைப்பிற் பலவாறு அதனை ஒத்திருந்தும், குளவி வழி வந்த கொடுக்கை இழவாது வைத்திருக்கின்றது. பழைய எறும்புக்கும் புதிய எறும்புக்கும் இடையே அறுந்ததெனக் கருதிய சங்கிலியின் ஒரு கண்ணி அது. இக்காலத்து மரபணு ஆராய்ச்சியும் அனியூரெற்றினேக் குலத்தையும் நெடியெறும்புக் குலத்தையும் உடன்பிறந்த கிளைகளெனவே காட்டுகின்றது. கல்லிற் பதிந்த எறும்பு தன் உருவத்தை மட்டுமே காட்டும். அது குஞ்சுகளை எங்ஙனம் பேணிற்று, இரையை எங்ஙனம் பகிர்ந்தது என்று அது கூறாது. அவற்றைக் கூறவல்லது, உயிரோடு எஞ்சிய இந்த ஒரே சுற்றத்தான்தான்.

மலையின் இரு சரிவுகள்

இனி நம் பக்கத்துச் செய்திக்கு வருவோம். மார்கழி நிறைமதி முதல் வைகாசி நிறைமதி வரை அட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறுவோர் பல்லாயிரவர். உச்சியில் நின்று ஞாயிறு எழுவதைத் தொழுவோர், தெற்கு நோக்கித் திரும்பினால் கீழே கறுத்துக் கிடக்கும் காட்டைக் காண்பர். அச்சரிவின் அடியிலேதான் கிலிமலை. எறும்பு வாழ்வது தாழ்ந்த, வெம்மையும் ஈரமும் மிக்க காடுகளிலாம். நுவரெலியாக் குளிரில் அதனைத் தேடுதல் வீண். எனினும், ஒரே மலையின் வடசரிவில் நாமும் தென்சரிவில் அதுவும் வாழ்கின்றோம்.

வடசரிவிலும் ஒருகாலத்தில் காடே இருந்தது. கோப்பிக்காக அதனை வெட்டினர். 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கிற்று. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்து மலையெங்கும் பரவிற்று. வெட்டுமாறு ஏவியவர் ஒருவர். கத்தியும் கோடரியும் ஏந்தியவர் தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்த நம் முன்னோர். வயிற்றுப் பிழைப்புக்கு வந்த அவர்களைக் குறை கூறுதல் அறமன்று. அவர்களும் மலைச் சரிவிலே மடிந்து மண்ணாயினர். பெரும்பாலார்க்கு நினைவுக் கல்லும் இல்லை. காடு சென்ற இடத்திலே அதிலிருந்த சிற்றுயிர்கள் எத்தனை குலம் சென்றனவோ, அவற்றுக்கும் கல் இல்லை. நம் மலைப் பாறை எதனையும் பதிந்து வைப்பதில்லை என்று முன்னரே கண்டோம்.

இதுவே யான் வாசகர் உளங்கொள வேண்டும் என விழையும் செய்தி. போல்றிக் காடு அழிந்தபொழுது அதன் எறும்புக்குப் பிசின் ஒரு பேழையாயிற்று. புளோரிசன்ற் ஏரி தூர்ந்தபொழுது சாம்பல் ஓர் ஏடாயிற்று. நம் மலைக்கு அத்தகைய பேழையும் இல்லை, ஏடும் இல்லை. நம் பழைமை முழுவதும் உயிருள்ள காட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. காடு போயின் எழுத்தும் போம்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1996 இல் இவ்வெறும்பை அழிவின் விளிம்பிலுள்ள உயிர் வரிசையிற் சேர்த்தது. அதன்பின் இலங்கை ஆராய்ச்சியாளர் சிங்கராசா முதலிய தென்மேற்கு மழைக்காடுகள் சிலவற்றிலும் அதனைக் கண்டமை ஆறுதல் தருவதே. 1940 இல் சரணாலயமாக்கப்பட்ட சிவனொளிபாதமலைக் காடு, 2010 இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. ஆயினும், சட்டம் மரத்தைக் காக்கும். சருகையும் சுள்ளியையும் காக்கவேண்டியது அவ்வழி செல்லும் மனிதரின் மனம். யாத்திரைப் பாதையில் எறியும் குப்பையும், குளிர்காயப் பற்றவைத்து அணைக்காது விடும் நெருப்பும், பயனற்ற குப்பையெனக் கருதி வாரிக் கொளுத்தும் சருகும் ஒரு குலத்தின் வீட்டைக் கொளுத்துதல் ஒக்கும்.

மாணவர்க்கு ஒரு சொல்

இதனைப் படிக்கும் இளம் மாணவரே! சீமோன் சிலந்தி தேடி வந்தவர். கண்ணில் பட்ட எறும்பையும் அவர் புறக்கணிக்கவில்லை. வில்சன் கைக்கொண்ட முறை ஒரு சுள்ளியை முறித்துப் பார்த்தலே. நியூ ஜேர்சியில் அம்பரைக் கண்டெடுத்தவர் கல் பொறுக்கிய இருவர். இவருள் எவரும் விலையுயர்ந்த கருவியால் தம் பொருளைக் கண்டாரல்லர். உற்றுநோக்கும் கண்ணும் மீண்டும் மீண்டும் குனியும் முதுகுமே அவர்க்குக் கருவியாயின. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பாட்டிமார் வழங்கும் பழமொழி. எறும்பைத் தேடுவோர்க்கும் அதுவே பொருந்தும். உங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள ஓடையோரச் சிறுகாட்டிலும் ஒரு சுள்ளியைப் புரட்டிப் பாருங்கள். உள்ளிருப்பதை எழுதி வையுங்கள். பின்னர்ச் சுள்ளியை இருந்தவாறே வைத்துவிடுங்கள்.

கல்லைக் கொணர்ந்த அந்த மாணவன் வளர்ந்து கொழும்புக்குத் தொழில் தேடிச் சென்றுவிட்டான். அவனை யான் மீண்டும் கண்டிலேன். இம்மலர் அவன் கைக்கும் எட்டுமாயின், அன்று யான் கூறவேண்டியிருந்த விடை இது: “தம்பி, எங்கள் கல்லில் பூச்சி இல்லை. ஆனால், பிற நாட்டார் கல்லில் மட்டும் காணும் பூச்சி எங்கள் மலையின் அந்தப் பக்கத்துக் காட்டில் உயிரோடு இருக்கிறது. அது கல்லாகாமற் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.”

கேட்கும் மாணவனும் அறியாமையை ஒப்புக்கொள்ளும் ஆசிரியனும் உள்ளவரை கல்வி வாழும். அத்தகையோரை ஈன்று தந்த நங் கல்லூரி மேன்மேலும் ஓங்குக!